ஆறு மணி மாத்திரை ஏன் ஏறவில்லை?

2024 நவம்பர் 9, மாலை 7.15 (ஹோசூரிலிருந்து ஒருவர் கேட்டது)

அம்மாவுக்கு 68 வயது. பார்க்கின்சன் மாத்திரை நான்கு வேளை. இரண்டு மாதமாக ஒரு மல்டிவைட்டமினும் கொடுக்கிறோம். அதிலிருக்கும் பி6 பார்க்கின்சன் மருந்தை முறித்துவிடும் என்கிறான் அண்ணன். உண்மையா? நிறுத்திவிடலாமா?

2024 நவம்பர் 9, இரவு 9.50

உங்கள் அண்ணன் சொல்வது சரி. நிறுத்துங்கள். எங்கள் அப்பாவுக்கு 74 வயது, நோய்க்கு இது எட்டாவது வருடம், வீடு பெங்களூரு அல்சூரில். சத்து மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம் காலை மாத்திரை ஏறவே இல்லை, போட்டும் வேலை செய்யவில்லை. நிறுத்தினோம், சரியாகிவிட்டது. பி6தான் காரணம்.

2024 நவம்பர் 9, இரவு 11.35

மேலே எழுதியதை நம்பி எதுவும் செய்துவிடாதீர்கள். படுத்த பிறகு உறுத்தியது. எழுந்துபோய் அந்தப் பழைய டப்பாவை எடுத்துப் பார்த்தேன். பி6 அதில் 2 மில்லிகிராம்தான். நான் தப்பான ஆளைப் பிடித்துக்கொடுத்திருக்கிறேன்.

பி6 மேல் வந்த பழி பழைய காலத்துப் பழி. பார்க்கின்சன் மாத்திரையில் இருக்கும் மருந்து லெவோடோபா. அது மூளைக்குள் போய், இந்த நோயில் அங்கே குறைந்துபோகிற டோபமினாக மாற வேண்டிய சரக்கு. ஆனால் குடலிலும் ரத்தத்திலும் இருக்கிற ஒரு நொதி வழியிலேயே அதை டோபமினாக்கிவிடும். வெளியில் உருவான டோபமின் மூளைக்குள் நுழைய முடியாது, குமட்டல் மட்டும் மிச்சம். அந்த நொதிக்குக் கையாள் பி6. 1960களின் கடைசியில் லெவோடோபாவைத் தனியாகக் கிராம் கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில், தினம் 10, 25 மில்லிகிராம் பி6 சேர்ந்தாலே மருந்தின் பலன் போய்விடும். பிறகு கார்பிடோபா வந்தது. வெளியிலிருக்கும் அந்த நொதியை அது அடக்கிவைக்கும். இரண்டும் சேர்ந்த மாத்திரைக்கு அமெரிக்காவில் 1975இல் அனுமதி கிடைத்தது. அங்கே வைத்த பெயர் சினிமெட். லத்தீனில் வாந்தி இல்லாமல் என்று பொருள் வருகிற சொற்களிலிருந்து எடுத்தது. விளம்பரமே பெயரில் இருக்கிறது.

இன்று நம் ஊரில் கொடுப்பது பெரும்பாலும் அந்தக் கூட்டு மாத்திரைதான். அதனால் மல்டிவைட்டமினில் இருக்கிற சொற்ப பி6ஆல் மருந்து முறிந்துவிடாது. அப்படியானால் அப்பாவுக்கு என்ன ஆயிற்று? நாளை எழுதுகிறேன், கண் சொக்குகிறது.

2024 நவம்பர் 10, காலை 6.20

இரும்பு.

அதே டப்பா, அதே லேபிள், நான்கு வரி கீழே. இரும்புச்சத்து 30 மில்லிகிராமுக்கு மேல். அப்பாவுக்கு ஹீமோகுளோபின் குறைந்திருந்ததால் பக்கத்து கிளினிக்கில் எழுதித் தந்தது. அந்த டாக்டர் பார்க்கின்சன் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. காலையில் வெறும் வயிற்றில் என்று மட்டும் சீட்டில் இருந்தது. அப்பா ஒழுங்கான மனிதர். எதற்கு இரண்டு தரம் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று இரண்டையும் ஒன்றாகப் போட்டு விழுங்கிவிட்டார். மூன்று வாரம், தினமும் காலை ஆறு மணிக்கு.

இரும்பு லெவோடோபாவைக் குடலிலேயே கவ்விக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து ஒரு கட்டாகிவிட்டால் குடல் சுவர் அதை உள்ளே விடாது. 1989இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஃபெரஸ் சல்ஃபேட் என்ற இரும்பு உப்போடு சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்துக்கு வந்து சேர்ந்த லெவோடோபா ஏறக்குறைய பாதிதான். கார்பிடோபா கலந்த மாத்திரையிலும் குறைவு இருந்தது, அவ்வளவு இல்லை.

பாதி என்று படித்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். வீட்டில் அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். வழக்கமாக ஆறு மணிக்கு மாத்திரை போட்டால், ஆறே முக்காலுக்கு அப்பா தானே எழுந்து சட்டை மாட்டி, மேலிருந்து மூன்று பொத்தான் போட்டுக்கொண்டு, நான்காவதற்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார். அந்த மூன்று வாரமும் ஏழரை ஆனாலும் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்திருப்பார். காபி டம்ளரில் ஆடை கட்டியிருக்கும். கால் தரையில் ஒட்டிக்கொண்டது மாதிரி. நோய் முற்றிவிட்டது என்று அம்மா அழுதாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த சந்திப்பில் டோஸை ஏற்றச் சொல்லிக் கேட்பதாக இருந்தோம்.

2024 நவம்பர் 10, காலை 9.05

சொல்ல மறந்தது: அந்த டப்பாவை நிறுத்தினாலும் இரும்பை அடியோடு நிறுத்திவிடவில்லை. ரத்தசோகைக்கு அது வேண்டும். நேரத்தை மட்டும் மாற்றினோம். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி என்றார் நியூரோ டாக்டர். அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டராக முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார், "ஏம்மா, ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னா ஒரே ஷிஃப்ட்ல போடுவாங்களா? இரும்புக்கு நைட் ஷிஃப்ட் போடு." மாலை ஆறரைக்குக் கடைசி லெவோடோபா, ஒன்பதரைக்கு இரும்பு. ஒரு வாரத்தில் மூன்று பொத்தானும் திரும்பி வந்தன.

2024 நவம்பர் 12, இரவு 10.10

ஹோசூர்க்காரர் மாத்திரைப் பட்டியைப் பார்த்துச் சொன்னார்: 110. இது எனக்குத் தோன்றாத விஷயம். பட்டியில் இருக்கும் அந்த எண் கூட்டுத்தொகை. 110 என்றால் 100 லெவோடோபா, 10 கார்பிடோபா. 125 என்றால் 100, 25. 275 என்றால் 250, 25. வெளியிலிருக்கும் நொதியைச் சரியாக அடக்க ஒரு நாளைக்கு 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா வேண்டும் என்பது கணக்கு. 110ஐ நான்கு வேளை போட்டால் 40தான் வருகிறது.

ஆக, சனிக்கிழமை இரவு பி6ஐ நான் முழுசாக விடுதலை செய்தது கொஞ்சம் அவசரம். மல்டிவைட்டமினில் இருக்கும் 2, 3 மில்லிகிராமுக்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் கார்பிடோபா குறைவாக இருப்பவர்கள், நரம்புக்கு நல்லது என்று மருந்துக்கடையில் கேட்டு 40, 100 மில்லிகிராம் பி6 மாத்திரையைத் தாங்களாக எடுத்தால், அது வேறு கதை. உங்கள் அம்மாவுக்குக் குமட்டல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்த 40 கணக்கை டாக்டரிடம் சொல்லுங்கள்.

2024 நவம்பர் 13, காலை 7.00

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. நிறுத்துவது என்று நான் சொன்னதெல்லாம் சத்து மாத்திரையை. லெவோடோபாவை யாரும் சட்டென்று நிறுத்திப் பார்க்காதீர்கள். உடம்பு விறைத்து, காய்ச்சல் ஏறி, நினைவு தப்பி, ஐசியு வரை கொண்டுபோகும்.

2024 டிசம்பர் 1, இரவு 11.20

மூன்று வாரம் இந்தப் பக்கம் வராததற்குக் காரணம் இருக்கிறது. இந்த முறை நேர்மாறு. அப்பாவுக்கு மருந்து அளவுக்கு மேல் ஏறியது.

மத்தியானம் பதினொன்றரை மணிவாக்கில் தோளும் கழுத்தும் நெளிய ஆரம்பிக்கும். நடுக்கம் இல்லை அது. தண்ணீருக்குள் நிற்கும் செடி மாதிரி ஓர் ஆட்டம். அவருக்கு வலி இல்லை, பார்க்கிற நமக்குத்தான் வயிற்றைப் பிசையும். மாத்திரை மாறவில்லை, டோஸ் மாறவில்லை. ஒரு நாள் படுக்கையை உதறும்போது தலையணைக்குப் பின்னால் ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று. உள்ளே சாம்பல் நிறப் பொடி. பக்கத்தில் ஒரு தேக்கரண்டி.

தீபாவளிக்குத் திருப்பத்தூரிலிருந்து அத்தை வந்திருந்தாள். பூனைக்காலிப் பொடி. "நரம்புக்கு அண்ணா, மூணு மாசம் சாப்பிடு, இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். போனில் கேட்டேன். "இலை தழைதானேடி, அது என்ன பண்ணிடும்?" என்றாள்.

என்ன பண்ணும் என்றால், அத்தை கொடுத்ததும் லெவோடோபாதான். பூனைக்காலி விதையில் நூற்றுக்கு நான்கிலிருந்து ஆறு பங்கு வரை லெவோடோபா இருக்கிறது. தேக்கரண்டி நிறைய எடுத்தால் 5 கிராம் வைத்துக்கொள்ளுங்கள், 200 முதல் 300 மில்லிகிராம். தனியாகச் சாப்பிட்டால் வழியிலேயே பெரும்பகுதி வீணாகும். அப்பா தனியாகச் சாப்பிடவில்லை. பத்தரை மணி மாத்திரைக்குப் பின்னாலேயே பாலில் கலக்கிக் குடித்திருக்கிறார். மாத்திரையிலிருக்கும் கார்பிடோபா, பொடியிலிருக்கும் லெவோடோபாவுக்கும் சேர்த்துக் காவல் நின்றது. கார்பிடோபாவுக்கு எது கம்பெனி சரக்கு, எது அத்தை சரக்கு என்று தெரியுமா?

2024 டிசம்பர் 2, மாலை 6.40

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், நம் மூலிகையை மட்டம் தட்டுகிறேன் என்று கோபப்பட்டார். மட்டம் தட்டவில்லை ஐயா, மருந்து என்று ஒத்துக்கொள்கிறேன். மருந்து என்பதால்தான் பயம்.

பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவை முதலில் பிரித்தெடுத்ததே நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் கூடத்தில்தான், 1937இல். தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு பேர். பார்க்கின்சனில் மூளையில் டோபமின் குறைகிறது என்று வியன்னாவில் கண்டது 1960இல். அதற்கு இருபத்து மூன்று வருடம் முன்னாலேயே சரக்கு சேப்பாக்கத்துச் சீசாவில் உட்கார்ந்திருந்தது. எதற்கு ஆகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 2004இல் லண்டனில் எட்டு நோயாளிகளுக்கு இந்த விதைப் பொடியையும் மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பொடி அரை மணி நேரத்தில் ஏறியது, மாத்திரைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எட்டே பேர் என்பதையும் மறக்கக் கூடாது. தவிர, அவர்கள் அளந்து கொடுத்தார்கள். அத்தை தேக்கரண்டியில், குவித்து.

இங்கே கிரந்திகே அங்கடியில், அதாவது நாட்டு மருந்துக் கடையில், பூனைக்காலியின் கன்னடப் பெயரான நசுகுன்னி என்று கேட்டால் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். எந்த விதையில் எவ்வளவு என்று அந்தப் பொட்டலத்தில் எழுதியிருக்காது. ஆயுர்வேதமோ சித்தமோ பார்க்கிறவர்கள் பாருங்கள், அந்த வைத்தியரிடம் மாத்திரைப் பட்டியையும் நியூரோ டாக்டரிடம் பொடியையும் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.

நியூரோ டாக்டர் திட்டவில்லை. பொடி பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, எத்தனை நாள், எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பொடியை நிறுத்தி நான்கு நாளில் நெளிவு அடங்கியது. அப்பாவுக்குத்தான் வருத்தம். பொடி சாப்பிட்ட நாட்களில் நடை நன்றாக இருந்தது என்கிறார். இருந்திருக்கும், அது பொய்யில்லை.

2025 ஜனவரி 12, இரவு 8.30

அவரேக்காய் சீசன். வி.வி.புரம் பக்கம் போனால் தோசையிலிருந்து ஜாமூன் வரை அவரைதான். எங்கள் வீட்டில் மாகடி அவரேக்காய் மூன்று கிலோ, இங்கே சொகடு என்று சொல்லும் அந்த வாசனை இரண்டு நாள் போகாது. ஊற வைத்துத் தோலைப் பிதுக்குவது அப்பாவின் வேலை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஓர் அழுத்து, பருப்பு துள்ளிக் கிண்ணத்தில் விழும். மருந்து ஏறியிருந்தால் நிமிஷத்துக்கு முப்பது பருப்பு. இறங்கியிருந்தால் ஒரு பருப்பை வைத்துக்கொண்டு அப்படியே இருப்பார், அல்லது அது ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய் விழும். டாக்டர் விரலைத் தட்டிக் காட்டச் சொல்வாரே, எங்கள் வீட்டில் அதற்குப் பதில் இது.

போன வாரம் மூன்று நாள் தொடர்ந்து இரண்டரை மணி மாத்திரை வேலை செய்யவில்லை. டப்பா ஏதும் புதிதாக இல்லை, தலையணையையும் பார்த்துவிட்டேன். கடைசியில் சாப்பாடு. ஒரு மணிக்குப் பிதுக்குப் பருப்புக் குழம்பு இரண்டு கரண்டி, கூடவே என் தம்பி வாங்கிக் கொடுத்த புரோட்டீன் பவுடர் ஒரு டம்ளர். அப்பா மெலிந்துவிட்டார் என்று அவனுக்குக் கவலை.

லெவோடோபா ஓர் அமினோ அமிலம். பருப்பு, பால், முட்டை, கறி எல்லாம் செரித்து வருவதும் அமினோ அமிலங்கள். குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் இவை போவது ஒரே வாசல் வழியாக. வாசலில் பருப்புக் கூட்டம் நின்றால் மாத்திரை பின்னால் நிற்க வேண்டியதுதான். பவுடர் இன்னும் மோசம், ஒரே நேரத்தில் மொத்தமாக வந்து இறங்கும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், இல்லை ஒரு மணி நேரம் கழித்து என்று சொல்வது இதனால்தான்.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. முதல் சில வருடம் அப்பாவும் மட்டன் பிரியாணிக்கு நடுவில் மாத்திரை போட்டவர்தான், ஒன்றும் ஆகவில்லை. மருந்து ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிற கட்டம் வந்த பிறகுதான் உறைக்கும்.

2025 ஜனவரி 13, காலை 7.15

இதைப் படித்துவிட்டுப் பருப்பையே நிறுத்திவிடாதீர்கள். இந்த நோயில் எடை தானாகவே குறையும். கிலோவுக்கு 0.8 கிராம் புரதமாவது வேண்டும், அப்பா 55 கிலோ, 44 கிராம். அதில் பெரும்பகுதியை ராத்திரிக்குத் தள்ளினோம். பகலில் சோறு, ரசம், காய். ராத்திரி குழம்பும் பவுடரும். தம்பிக்கும் மனது ஆறியது.

2025 ஜனவரி 19, மாலை 4.00

அமெரிக்காவிலிருந்து அக்கா வீட்டுக்காரர் கோ-கியூ 10 என்கிற சத்து மாத்திரை இரண்டு பாட்டில் கொண்டுவந்திருக்கிறார். இதனால் நோய் மெதுவாகுமா என்று இங்கேயும் மூன்று பேர் கேட்டிருந்தீர்கள்.

ஆகாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 600 பேரை வைத்துத் தினம் 1,200, 2,400 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரியாததால் 2011இல் பாதியில் நிறுத்தினார்கள், 2014இல் அச்சில் வந்தது. கிரியேட்டின் என்கிற இன்னொரு சத்துக்கு இன்னும் பெரிய சோதனை, 1,741 பேர், தினம் 10 கிராம். அதையும் 2013இல் நிறுத்தினார்கள். வைட்டமின் ஈ 1980களிலேயே 800 பேரிடம் பார்த்தாயிற்று, 2,000 யூனிட் கொடுத்தும் ஒன்றுமில்லை. கோ-கியூ 10 எடுப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்கத் தருகிற வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களானால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ரத்தம் உறைவதில் கணக்கு மாறும்.

மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? "ரொம்ப சந்தோஷம் மாமா" என்று வாங்கி அலமாரியில் வைத்தேன்.

2025 ஜனவரி 27, இரவு 10.45

பி6 வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வருகிறது. சிரிக்காதீர்கள்.

அப்பாவுக்கு ஒரு வருஷமாகப் பாதம் மரத்துப்போகிறது. செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பார். பார்க்கின்சனில் இதெல்லாம் சகஜம் என்று விட்டிருந்தோம். இந்த முறை ரத்தம் எடுத்தார்கள், பி12 தரைமட்டம். காரணம் ஒன்றில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பத்து வருஷமாக, அது பி12ஐக் குறைக்கும். லெவோடோபாவே உடம்பில் செலவாகும்போது ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை ஏற்றும், பி12, ஃபோலேட் கையிருப்பு கரையும். கார்பிடோபாவோ பி6ஐப் பிடித்து முடக்கும். அதிக டோஸில் வருஷக்கணக்காக எடுப்பவர்களுக்கு பி6 பற்றாக்குறையே வரலாம், வலிப்பு வரை போனதுண்டு.

ஆக நான் நவம்பர் 9ஆம் தேதி முதலில் எழுதினேனே, பி6ஐ நிறுத்துங்கள் என்று, அது சுத்தமாகத் தலைகீழ். சிலருக்கு அது குறைவதுதான் ஆபத்து. அதற்காக அள்ளிப் போடவும் முடியாது. அதிக அளவு பி6ஐ நீண்ட நாள் எடுத்தாலும் நரம்பு கெட்டு இதே பாதம்தான் மரத்துப்போகும். குறைந்தாலும் மரப்பு, கூடினாலும் மரப்பு. ரத்தம் பார்க்காமல் இதில் வழியில்லை. அப்பாவுக்கு இப்போது பி12 ஊசி, ஆறாவது ஆயிற்று. நேற்று குளியலறை வாசலில், "தரை சில்லுனு இருக்கு" என்றார். அம்மா ஓடிப்போய்த் துணி போடப் பார்த்தாள், வேண்டாம் என்றேன்.

2025 பிப்ரவரி 8, இரவு 9.10

சின்ன விஷயம், ஆனால் அவசரம். ராசாகிலின், செலிகிலின் என்ற பார்க்கின்சன் மாத்திரைகளை எடுப்பவர்கள் இருமல் மருந்தைக் கடையில் கேட்டு வாங்கிக் குடிக்காதீர்கள். டெக்ஸ்ட்ரோமெதார்ஃபான் இருந்தால் ஆகாது. தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் என்று ஆன்லைனில் வருகிற 5-எச்டிபி, செயின்ட் ஜான்ஸ் வோர்ட் பாட்டில்களும் அதே பட்டியல். செரோடோனின் என்ற மூளை ரசாயனம் எக்கச்சக்கமாக ஏறிவிடும். எங்கள் தெருமுனைக் கடைப் பையன் மூன்று சிரப் எடுத்துக் காட்டினான், இரண்டில் அது இருந்தது.

அப்புறம் வாயுவுக்குத் தருகிற காப்ஸ்யூல். லெவோசல்பிரைட் கலந்ததா என்று பாருங்கள், அது டோபமினையே தடுக்கும். பெயரில் லெவோ இருப்பதால் நம்ம மாத்திரைக்குச் சொந்தக்காரன் என்று நான் நினைத்திருந்தேன்.

2025 பிப்ரவரி 16, காலை 8.05

ஹோசூர்க்காரருக்கு: நல்ல செய்தி, சந்தோஷம். இரும்பு கலந்த அந்த மல்டிவைட்டமினை ராத்திரிக்குத் தள்ளிய பிறகு அம்மா தானே எழுந்து பல் தேய்க்கிறார்கள் என்றால் நீங்கள் டோஸைக் கூட்டச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. அடுத்த சந்திப்புக்கு எல்லா டப்பாவையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். செல்லில் படம் எடுத்துக் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். முன்பக்கம்தான் படத்தில் அழகாக விழும். இரும்பு பின்பக்கம், மடிப்புக்குள், பொடி எழுத்தில் இருக்கும். லேகியம், பொடி இருந்தால் அதையும் போடுங்கள். தலையணைக்குப் பின்னாலும் ஒரு தரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.